ஐஞ்சு வருஷம் வாய் திறக்காதே



இங்க லண்டனில என்ர மச்சாள் ஒரு முதியோர் இல்லத்தில வேலை செய்யிறா. நிரந்தர வதிவிட உரிமைக்காக ஒரு ஃபைல் சேர்த்து வச்சிருக்கிறா: சம்பளத் துண்டுகள், ‘லைஃப் இன் த யூகே’ சோதனை பாஸ் பண்ணின இலக்கம், நாட்டுக்கு வெளியில நிண்ட நாட்களின் கணக்கு. எந்த 12 மாதத்திலும் 180 நாளைத் தாண்டக்கூடாது. தாயின்ர செத்தவீட்டுக்குப் போன 19 நாளும் அதில எழுதியிருக்கு. கட்டணம் தனி, 2025 ஏப்ரலில அதை 3,029 பவுண் ஆக்கினவை.

ஆனால் முக்கியமான தாள் முதலாளியின் கடிதம். இவ இன்னும் வேலைக்குத் தேவை, சம்பளம் இவ்வளவு எண்டு அவர்தான் எழுதவேணும். விளங்குதோ? ஓவர்டைம் காசு எங்க எண்டு கேட்டால், யூனியனில சேர்ந்தால், அந்தக் கடிதம் என்னாகும்? வேலை போனால் புது ஸ்பொன்சர் தேட வழமையா 60 நாள்தான். இதைக் காத்திருப்பு எண்டு சொல்லாதேங்கோ. வாய்ப்பூட்டு. அந்த 5 வருஷத்தை 10 ஆக்கவேணும் எண்டு 2025 மே வெள்ளை அறிக்கையில முன்மொழிஞ்சது தொழிற்கட்சி அரசாங்கம். பேரைப் பாருங்கோ!

இதைவிடக் கோவம் வாறது எங்கட ஆக்களின் பதிலுக்குத்தான். “நாங்கள் முறையா வந்தனாங்கள், வரி கட்டுறம், படகில வந்தவையோட எங்களைச் சேர்க்காதேங்கோ.” அண்ணை, 1987இல ஹீத்ரோவில திருப்பி அனுப்பாதே எண்டு உடுப்பைக் கழட்டிப் போராடினது ஆர்? தமிழர்தானே.

நல்ல குடியேறி எண்ட சான்றிதழ் எங்களுக்கு வேண்டாம். வதிவிட உரிமையை முதலாளியின் கையெழுத்திலயிருந்து பிரி எண்டு கேப்பம். பராமரிப்பு வேலை செய்யிறவையை யூனியனில சேர்ப்பம். அதுக்காக ஒருத்தரின்ர ஸ்பொன்சர் பறிபோனால், அந்த 60 நாளும் அவரோட நிக்கவேண்டியது நாங்கள்.