கல்லின் பெயரும் களவு போகுமோ?

எட்டயபுரத்துக் கரிசலில் பிறந்து வளரும் சிறுவன் ஒருவன், கைப்பேசியில் கட்டிகளை அடுக்கி ஆடும் அந்த விளையாட்டில் அமர்ந்தானாயின், அரை நாழிகைக்குள் ‘கிரானைட்டு’, ‘டையோரைட்டு’, ‘ஆண்டிசைட்டு’, ‘அப்சிடியன்’ எனப் பத்துக் கற்களின் பெயரை ஒப்பிப்பான். அவன் பாட்டன் கிணறு வெட்டுங்கால் உடைத்தெடுத்த கல்லுக்கு என்ன பெயர் என்று கேட்டால், ‘கல்’ என்பான். இதில் அவன் குற்றம் ஏதுமில்லை. அப்பெயரை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியோர் சொல்லவில்லை. சொல்லாதோருள், தமிழே உயிரென்று மேடைதோறும் முழங்குவோரும் அடங்குவர்.

அவ்விளையாட்டின் பெயர் மைன்கிராப்டு. சுவீடன் நாட்டில் தோன்றி 2011-இல் முழு வடிவில் வெளிவந்தது. 2014-இல் அமெரிக்காவின் மைக்ரோசாப்டு நிறுவனம், அதனை ஆக்கிய குழுமத்தையே 250 கோடித் தாலர் கொடுத்து வாங்கிற்று. 2023-க்குள் முப்பது கோடிப் படிகளுக்கு மேல் விற்றாயிற்று. வீண் பொழுதுபோக்கென்று இகழ்ந்து தள்ளுதற்குரியதன்று அது. ஆடுவோன் மரத்தில் செய்த குந்தாலியால் கல்லை உடைக்கிறான். கல்லில் செய்த குந்தாலியால் இரும்பை அகழ்கிறான். இரும்பால் வயிரத்தையும், வயிரத்தால் எரிமலைக் கண்ணாடியையும் எடுக்கிறான். மணலை உலையிலிட்டால் கண்ணாடி ஆகிறது. களிமண்ணைச் சுட்டால் செங்கல் ஆகிறது. தீக்குழம்பில் நீர் பட்டால் கல் ஆகிறது. 2014-இல் மூவகைத் தீப்பாறைகளும், 2020-இல் கருநிற எரிமலைப் பாறையும், 2021-இல் எரிமலைச் சாம்பற் கல்லும் சுண்ணப் படிகமும் அதனுள் சேர்ந்தன. பள்ளிப் பாடநூல் ஒரு பக்கத்தில் சொல்லி முடிக்கும் செய்தியைச் சிறுவன் ஈராண்டுக் காலம் தன் கையால் தோண்டிக் கற்கிறான். தோண்டிக் கற்ற பெயர் மறவாது. இடர் இருப்பதும் ஈண்டே!

அவ்விளையாட்டின் கல்லறிவு முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. டையோரைட்டுடன் படிகக் கல்லைச் சேர்த்தால் கிரானைட்டு ஆகும் என்கிறது. இயற்கையில் இவ்வாறு கலந்து ஆக்குவார் ஒருவருமில்லை. ஆயினும் கிரானைட்டில் படிகக்கூறு மிகுதி என்னும் உண்மை அதனுள் ஒளிந்து நிற்கிறது. மறுபுறம், நிலத்தடியில் மெல்ல ஆறிப் பருமணியாய் உறைந்த டையோரைட்டையும், எரிமலை வழியே வெளிப்போந்து விரைவில் ஆறி நுண்மணியாய் இறுகிய ஆண்டிசைட்டையும் ஒரே ஆழத்தில் அருகருகே பதித்து வைத்திருக்கிறது. சுண்ணாம்புப் பாறை அதில் இல்லை. உப்பும் இல்லை, தூத்துக்குடி உப்பளத்தான் அவ்வுலகில் பிழைக்க வழியில்லை.

இனி, மெய்யான நிலத்திற்கு வருக. கரிசல் என்றாலே தக்காணத்து எரிமலைக் குழம்பில் விளைந்த மண் என்று எண்ணுவோர் பலர். எட்டயபுரத்துக் கரிசல் அத்தகையதன்று. வரிப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உண்டானது. அதனை வெட்டிக் கீழிறங்கினால் வெண்கட்டிகளாய்த் தட்டுப்படுவது சுக்கான்கல். நீரில் கரைந்த சுண்ணம் மண்ணிடையே மீண்டும் இறுகியது. அதனைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர் முன்னோர். அதன்கீழ்ச் சரளை, அதன்கீழ்ப் பாறை. வெள்ளைவெளேரென்று தீப்பொறி தெறிக்கும் கல் வெங்கச்சங்கல். மைன்கிராப்டு ‘குவார்ட்சு’ என்பது இதனையே. ஏடு ஏடாய் உரிந்து மின்னுவது காக்காய்ப்பொன். வடமொழியாளர் வந்து ‘அப்பிரகம்’ என்றனர். ஆங்கிலர் வந்து ‘மைக்கா’ என்றனர். நெல்லைச் சீமைப் பாட்டி மட்டும் காக்காய்ப்பொன்னை விடவில்லை. நகத்தாற் கீறினும் பொடியும் மெத்தென்ற கல் மாக்கல். வயிரம் என்பது கல்லுக்கு மட்டும் உரிய பெயரன்று. முற்றிய மரத்தின் உட்கட்டைக்கும் வயிரம் என்றே பெயர்.

கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் சொல் மாறும். முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத்தளம் ‘பார்’. கடலுயிர் கட்டிய கல் ‘முருகைக்கல்’. அம் முருகைக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்குச் சுட்டே மன்னார் வளைகுடாவின் பாறைகளைக் குலைத்தனர். விலாங்குசல்லித் தீவும் பூவரசன்பட்டித் தீவும் நீரில் மூழ்கின. மைன்கிராப்டில் முருகையை நீரினின்று பிரித்தால் உடனே வெளிறிச் சாகும். அச்சிறுவன் அதனைத் திரையில் காண்கிறான். தன் கடலில் நிகழ்ந்ததை அறியான். அரசு நடத்திய தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. பார்களின் பெயர்கள் அன்றிலிருந்து சங்கு குளிப்போர் நாவில் மட்டுமே தங்கியுள்ளன.

எட்டயபுரத்திற்கு மேற்கே கழுகுமலையில் வெட்டுவான் கோயில் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து விமானமும் சிற்பமும் ஆக்கினர், பணி முற்றுப்பெறவில்லை. கட்டியின்மேல் கட்டி அடுக்குதல் அங்கில்லை. வேண்டாத கல்லை நீக்குதலே வேலை. கல்லின் ஓட்டமும் பிளவும் அறியாதவன் அங்கு உளி வைத்திருக்க இயலாது. அவ்வறிவுக்கு உரிய சொற்கள் இல்லாமலா அவ்வேலை நடந்தது?

‘அறிவியற் பெயர் உலகப் பொது; அதில் தமிழுக்கு என்ன வேலை?’ என்பார் உளர். உலகப் பொதுவாகிய ‘குவார்ட்சு’ம் ‘பெல்சுபாரு’ம் ‘கோபால்ட்டு’ம் ‘நிக்கலு’ம் எங்கிருந்து வந்தன? செருமானியச் சுரங்கத் தொழிலாளிகளின் வாயிலிருந்து வந்தன. தொழிலாளி சொன்னதை அந்நாட்டு அறிஞன் நாணாமல் எழுதினான். எழுதியதனால் உலகம் கொண்டது. தமிழ்ச்சொல் ஒன்றும் அவ்வாறே ஏறியதுண்டு. வயிரத்திற்கு அடுத்த கடினமுடைய கனிமத்தை உலகம் ‘கொரண்டம்’ என்கிறது. அது தமிழின் குருந்தமே.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் நீலங்கலந்த கருங்கல்லை ஆராய்ந்த ஆங்கிலப் பாறையியலார் ஆலந்து, அதற்குச் ‘சார்னோகைட்டு’ என்று பெயரிட்டார். 1900-இல் விரிவான நூலும் எழுதினார். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் கும்பினி வணிகர் சார்னாக்கின் கல்லறை அக்கல்லால் ஆனது. ஆதலின் அவர் பெயர். ஆண்டிசைட்டு தான் பிறந்த ஆண்டிசு மலையின் பெயரைத் தாங்குகிறது. பல்லாவரத்துக் கல்லோ வேற்று நாட்டானின் கல்லறைப் பெயரைத் தாங்குகிறது!

இங்கொன்று மறைக்கலாகாது. கிரானைட்டு, சார்னோகைட்டு, வரிப்பாறை, எரிமலைப் பாறை ஆகிய அனைத்தையும் ‘கருங்கல்’ என்னும் ஒரே சொல்லால் மூடிவிட்டுத் தமிழில் எல்லாம் உண்டு என்று மார்தட்டுவது பொய்ப்பெருமை. உளி ஏறும், ஏறாது என்ற பாகுபாடு கல்தச்சனுக்குப் போதும், மாணவனுக்குப் போதாது. புதுச்சொல் வேண்டும். ஆயின் அகரமுதலிகளை விரித்துவைத்து மேசையில் ஆக்கிய சொல் மேசையிலேயே இறக்கும். முதலில் உள்ள சொல்லைத் திரட்டிய பின்னரே இல்லாத சொல்லை ஆக்குதல் முறை.

கணிப்பொறியில் ஆடும் மைன்கிராப்டின் மூலப் பதிப்பில் தமிழும் ஒரு மொழியாக உள்ளது. அம்மொழிபெயர்ப்பைச் செய்வோர் ஊதியம் பெறாத தன்விருப்பத் தொண்டர்கள். எவரும் சேரலாம், சொல்லை முன்மொழியலாம், பிறர் முன்மொழிந்ததற்கு ஒப்போலை அளிக்கலாம். அரசாணை வேண்டுவதில்லை; மாநாட்டுத் தீர்மானமும் வேண்டுவதில்லை. ஆங்கிலப் பெயரைத் தமிழெழுத்தில் பெயர்த்து வைக்க ஒரு நொடி போதும்; வெங்கச்சங்கல்லையும் முருகைக்கல்லையும் அங்கு நிறுத்த, அவற்றை அறிந்தவனிடம் சென்று கேட்க வேண்டும். ஆழ்குழாய்ப் பொறி வந்தபின் கரிசற் சீமையில் கையால் கிணறு வெட்டுவோர் அருகினர். வெட்டியவர் முதுமையுற்றுத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். அவர் பெயரன் அதே திண்ணையின் மறுமுனையில் கைப்பேசியில் கல் உடைக்கிறான்.