கூட்டம் ஓகே... மூணாவது வருஷம் கடை இருக்குமா? ஃபாஸ்ட் ஃபுட் மோகமும் நம்ம ஊர் கணக்கும்!

‘முதலீடு சில லட்சம்தான். மாதம் ஒரு லட்சம் வரை வருமானம். உங்கள் ஊரிலேயே பிராண்டட் சிக்கன் கடை!’ - இந்த ரீதியிலான விளம்பரங்கள் வராத செல்போன் இன்று கிடையாது. ரீல்ஸைத் தள்ளினால் ஒன்று, ஃபேமிலி குரூப்பைத் திறந்தால் இன்னொன்று. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை இருக்கும் வீட்டில், அது இரவுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகவே மாறிவிடுகிறது. “நகையை வெச்சாவது ஒரு கடையைப் போட்டுக் கொடுத்துடலாமா?”

அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் நடுவில் இருக்கும் பாலவனத்தம், அந்தப் பக்கம் திருச்சுழி வரை நீளும் கரிசல் பூமி. வானம் பார்த்த நிலம். மழை பெய்தால் பருத்தி, மிளகாய், சோளம், கம்பு. பெய்யாவிட்டால் தறி, கூலி வேலை, வெளியூர் சம்பளம். இப்படிப்பட்ட ஊர்களில் பத்து லட்சம் என்பது ஒரு குடும்பம் ஒரு தலைமுறையாகச் சேர்த்த பணம். ஆகவே, ‘பெயர் பெற்ற ஃபாஸ்ட் ஃபுட் கடை புது ஊரில் நிலைக்குமா?’ என்ற கேள்வி இங்கே பொழுதுபோக்குப் பேச்சல்ல. பதில் சொல்லப் பெரிய கம்பெனிகளின் வரலாறே நம் முன்னால் இருக்கிறது.

அடி வாங்கி நின்ற கே.எஃப்.சி

இந்தியாவில் முதல் கே.எஃப்.சி, 1995 ஜூனில் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் திறக்கப்பட்டது. வந்த வேகத்திலேயே சிக்கல். மோனோசோடியம் குளுட்டமேட் அளவு அதிகம் என்று மாநகராட்சி உரிமத்தை ரத்து செய்ய, விவகாரம் நீதிமன்றம் போனது. 1996 ஜனவரியில் கர்நாடக விவசாயிகள் சங்கத்தினர் கடைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். டெல்லியில் திறந்த கடையும் சீக்கிரமே மூடப்பட்டது. அடுத்த சில வருடங்களுக்கு அந்த பிராண்ட் நம் நாட்டில் பெரிதாக வளரவே இல்லை.

ஆனால், அது ஓடிவிடவில்லை. சைவ பர்கர், அரிசி உணவு, காரமான மசாலா, குறைந்த விலை மெனு எனக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை மாற்றிக்கொண்டு திரும்ப வந்தது. இன்று இந்தியாவில் ஆயிரம் கடைகளுக்கு மேல்.

மெக்டொனால்ட்ஸ் வேறு பாதையில் வந்தது. 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் முதல் கடை. மாட்டிறைச்சி இல்லாமல் திறக்கப்பட்ட உலகின் முதல் மெக்டொனால்ட்ஸ் அதுதான். உருளைக்கிழங்கு டிக்கியை நடுவில் வைத்து ஒரு பர்கரை உருவாக்கியது. கடை திறப்பதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே லெட்டூஸ் பயிரிடும் விவசாயிகளையும், உறைநிலை லாரிகளையும், குளிர்பதனக் கிடங்குகளையும் தயார் செய்யும் வேலை நடந்தது. வாடிக்கையாளர் கண்ணுக்குப் போர்டு தெரிந்தது. கடையைத் தாங்கிப் பிடித்ததோ, கண்ணுக்குத் தெரியாத அந்த லாரிகள்தான்.

ஒரே முதலாளி, இரண்டு முடிவுகள்

இதைவிட நல்ல பாடம், ஒரே கம்பெனிக்குள் நடந்தது. டோமினோஸ் பீட்சாவை இந்தியாவில் நடத்துவது ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். அதே கம்பெனி, 2012-ல் டெல்லி கன்னாட் பிளேஸில் டன்கின் டோனட்ஸைக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் காலை நேரத்தில் வரிசையில் நின்று வாங்கும் பிராண்ட் அது.

டோமினோஸ் கடைகள் இந்தியாவில் 2,000-ஐத் தாண்டிவிட்டன. உச்சத்தில் 70 கடைகளுக்கு மேல் இருந்த டன்கினோ, 2018 வாக்கில் பாதியாகச் சுருங்கியது. பணம், அனுபவம், விளம்பர பலம், எல்லாமே ஒரே இடத்திலிருந்து வந்தவை. பிறகு எங்கே வித்தியாசம்?

டோனட்டை நம்மவர்கள் சாப்பிட்டுப் பார்த்தார்கள், ரசித்தார்கள். ஆனால், நம் நாளில் அதற்கு நேரம் இல்லை. காலையில் இட்லியும் பொங்கலும் வீட்டில் இருக்கும்போது, இனிப்பு வளையத்தைக் காபியோடு சாப்பிட யார் கிளம்புவார்கள்? சாயங்காலத்துக்கு வடையும் பஜ்ஜியும் இருக்கின்றன. கடைசியில் டன்கின் கடைகளிலேயே பர்கரைத் தூக்கலாக விற்றுப் பார்த்தார்கள். பெரிய கடை, பெரிய வாடகை, வாங்குவதோ ஒன்று இரண்டு டோனட். கணக்கு ஒத்துவரவில்லை.

பீட்சாவுக்கு இடம் கிடைத்தது. நான்கு பேர் பங்கு போட்டுச் சாப்பிடலாம். வீட்டுக்கே வரும். பிறந்தநாளுக்கும் கிரிக்கெட் மேட்ச்சுக்கும் பொருந்தும். கையில் காசு குறைவாக இருக்கும் கல்லூரி மாணவருக்கும் மெனுவில் ஒன்று இருந்தது.

அதே ஜூபிலன்ட்தான் 2022 ஜனவரியில் பெங்களூரு கோரமங்கலாவில் பாப்பாய்ஸைத் திறந்தது. 2019 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் இதன் சிக்கன் சாண்ட்விச்சுக்குக் கிளம்பிய அலையில் இரண்டே வாரத்தில் சரக்கு தீர்ந்துபோனது நினைவிருக்கலாம். அந்தப் புகழோடு இங்கே வந்தாலும், சைவ அயிட்டங்களையும் அரிசி பௌல்களையும் மெனுவில் சேர்த்துக்கொண்டுதான் கடையைத் திறந்தார்கள். டன்கினில் பட்ட அடி வீண் போகவில்லை.

புகழ் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு வெளிநாட்டிலும் உதாரணங்கள் உண்டு. 2000-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஸ்டார்பக்ஸ், 2008-ல் ஒரே அறிவிப்பில் 61 கடைகளை மூடியது. தெருவுக்குத் தெரு நல்ல காபி கிடைக்கும் நாட்டில் அதற்குத் தனித் தேவை எழவில்லை. 2015-ல் இத்தாலிக்கே பீட்சா விற்கப் போன டோமினோஸ், 2022-ல் மூட்டை கட்டியது.

புரோட்டாவும் ஒருநாள் புதுசுதான்

‘வெளிநாட்டுச் சாப்பாடு நம்ம ஊரில் எடுபடாது’ என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். விருதுநகர் எண்ணெய் புரோட்டாவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கோதுமை கரிசலில் விளைவதில்லை. மைதா நம் பாட்டிமார்களின் அடுப்படிச் சரக்கும் இல்லை. கம்பங்கூழும் சோளச்சோறும் இருந்த மண்ணில் புரோட்டாவும் ஒரு காலத்தில் விருந்தாளிதான். இன்று விருதுநகர் என்றாலே புரோட்டா என்று சொல்லும் அளவுக்கு அது வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

அது எப்படி நடந்தது? எண்ணெயில் பொரித்து ஓரத்தை மொறுமொறுப்பாக்கி, நம் நாக்குக்கு ஏற்ற சால்னாவை ஊற்றிக் கொடுத்தார்கள். வேலை முடிந்து வரும் மனிதருக்கு ராத்திரி ஒன்பது மணிக்குச் சூடாகக் கிடைத்தது. நாலு புரோட்டாவில் வயிறு நிறைந்தது. இன்றைய கூலியில் இன்றே வாங்க முடிந்தது. மாவு பிசைவதிலிருந்து கல்லில் போடுவது வரை தெரிந்த மாஸ்டர் உள்ளூரிலேயே உருவானார். நேரம், வயிறு, பை, ஆள். இந்த நான்கிலும் பாஸான எந்தச் சாப்பாடும் நம் ஊரில் நிலைக்கும். அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஒரு சின்ன கணக்கு

சிறிய ஊரில் ஒரு ஃப்ரைடு சிக்கன் கடை என்று வைத்துக்கொள்வோம். வாடகை 25,000. நான்கு பேர் சம்பளம், தலைக்கு 12,000 வீதம் 48,000. ஃப்ரீசர், ஃப்ரையர், ஏ.சி ஓடும் கரன்ட் பில் 20,000. கடன் தவணை 12,000. மொத்தம் 1,05,000. அதாவது, ஷட்டரைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒரு நாளைக்கு 3,500 ரூபாய் செலவு.

100 ரூபாய்க்கு விற்றால் கோழி, எண்ணெய், பேக்கிங், பிராண்டுக்குத் தரும் பங்கு போக 35 ரூபாய் மிஞ்சும் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் தினமும் 10,000 ரூபாய் விற்றால்தான் கைக்காசு போகாமல் இருக்கும். ஒரு குடும்பம் வந்தால் 600 ரூபாய்க்குச் சாப்பிடும் என்றால், மாதத்துக்கு 500 குடும்பங்கள். இந்த மாதம் மட்டுமல்ல, ஒவ்வொரு மாதமும். இதில் உரிமையாளருக்குச் சம்பளம் இன்னும் சேரவில்லை.

திறப்பு விழா வாரத்தில் 500 குடும்பம் வரும். பங்குனிப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும். புரட்டாசியில் வருமா? கார்த்திகையில் வீட்டுக்கு ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும்போது வருமா? செவ்வாய், வெள்ளியில்? மழை பொய்த்த வருடத்தில் எத்தனை வீடு வரும்? கடை போடுபவர் முதலில் எழுத வேண்டியது இந்தக் காலண்டரைத்தான்.

இன்னொன்று, சட்டம் ஓர் இரவில் மெனுவை மாற்றும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. ஷவர்மா, கிரில், ஃப்ரைடு சிக்கன் எனப் பல கடைகளில் தட்டோரம் இருந்த பொருள் அது. மாற்றுப் பொருளை உடனே அனுப்பும் வலு பெரிய செயினுக்கு உண்டு. கடன் வாங்கிக் கடை போட்ட தனி ஆள் தானேதான் தேட வேண்டும்.

நஷ்டத்தை யார் தாங்குவது?

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருபவர், 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1906-ல் வ.உ.சி தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவர்தான். அந்தக் கம்பெனிக்கு மக்கள் ஆதரவு குறையவில்லை. ஆனால், எதிரே இருந்த ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. அரசாங்கமும் அதன் பக்கம். 1908-ல் வ.உ.சி சிறைக்குப் போக, சுதேசிக் கம்பெனி நொடிந்தது. எதிராளியால் பல மாதம் நஷ்டத்தைத் தாங்க முடிந்தது, இவர்களால் முடியவில்லை.

ஃபாஸ்ட் ஃபுட்டிலும் இதே கதைதான். பெரிய செயின் ஒரு கடையில் மூன்று வருடம் நஷ்டம் பார்த்துவிட்டு, நான்காம் வருடம் அமைதியாக மூடிவிட்டுப் போகும். அதன் கணக்குப் புத்தகத்தில் அது ஒரு வரி. நகையை அடகு வைத்துக் கடை போட்டவருக்கு ஆறு மாத நஷ்டம் என்பது மகளின் கல்யாணம். ஆகவே, ‘அந்த பிராண்ட் நிலைக்குமா?’ என்பதும், ‘அந்த பிராண்டை எடுத்து நடத்தும் நம் பிள்ளை நிலைப்பானா?’ என்பதும் வேறு வேறு கேள்விகள்.

கையெழுத்துக்கு முன்பு...

* இந்தியாவில் டோமினோஸ், பாப்பாய்ஸ் கடைகளை ஜூபிலன்ட் நடத்துகிறது. கே.எஃப்.சி-யை தேவயானி இன்டர்நேஷனல், சஃபையர் ஃபுட்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் எடுத்திருக்கின்றன. ‘உங்கள் ஊருக்கு ஏஜென்சி’ என்று இந்தப் பெயர்களில் போன் வந்து, முன்பணம் கேட்டால் உஷார். பிரபல பிராண்டுகளின் பெயரில் போலி இணையதளம் நடத்திப் பணம் பறித்தவர்களை போலீஸ் கைது செய்திருக்கிறது. ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

* ஃபிரான்சைஸ் விற்பவர் முழு விவரங்களையும் 14 நாள்கள் முன்பே எழுத்தில் தர வேண்டும் என்று அமெரிக்காவில் விதி உண்டு. நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. எனவே, கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

* அந்த பிராண்டின் புதுக் கடையைப் பார்க்காதீர்கள். இரண்டு வருடம் ஓடிய கடையை, நம் ஊர் அளவுள்ள ஊரில் தேடிப் பாருங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தலைகளை எண்ணுங்கள்.

* மூடிய கடைக்காரர் ஒருவரிடமாவது பேசுங்கள். விளம்பரத்தில் அவர் போட்டோ இருக்காது.

* சரக்கு எங்கிருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? கரன்ட் போனால் ஃப்ரீசர் சரக்குக்கு யார் பொறுப்பு? ஒப்பந்தத்தில் இருந்து பாதியில் வெளியேறினால் டெபாசிட் திரும்புமா? இந்த மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்குங்கள்.

* ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாகக் கையில் இல்லையென்றால், கடையைத் தள்ளிப்போடுங்கள்.

புதுக் கடை வருவதில் தவறொன்றும் இல்லை. பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், மாதத்தில் ஒருநாள் குடும்பத்தோடு போய் வரலாம். நம் ஊரிலிருந்தும் நாளைக்கு ஒரு பெரிய செயின் கிளம்பலாம். 1957-ல் திண்டுக்கல்லில் ஒரு சின்ன பிரியாணிக் கடையாகத் தொடங்கிய தலப்பாக்கட்டி இன்று கடல் தாண்டிக் கிளை பரப்பியிருக்கிறது. அது சென்னைக்கே 2009 வாக்கில்தான் வந்து சேர்ந்தது. அத்தனை வருடம் அந்த ஒரு ஊர்க்காரர்களே திரும்பத் திரும்ப வந்து சாப்பிட்டார்கள் என்பதுதான் அதன் முதல் முதலீடு.

முதல் நாள் கூட்டத்தை விளம்பரம் கூட்டிவிடும். நூறாவது நாள் வருபவரை ருசியும் விலையும்தான் கூட்டி வர வேண்டும். கடை போட நினைப்பவர்கள் அந்த நூறாவது நாளை மனதில் வைத்துக் கணக்கு எழுதட்டும். வீட்டுப் பெட்டியில் இருக்கும் நகை அதுவரை அங்கேயே இருக்கட்டும்!