தலையெழுத்தின் மேல் பழி போடாதீர்கள்!

"எல்லாம் அவன் தலையெழுத்து." மனநோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்ட வீட்டில் நாம் சொல்லிவிட்டு வருவது இதுதான். மாரடைப்பில் போனவருக்கு மட்டும் "மருத்துவம் பார்த்தார்களா?" என்று கேட்கிறோம். இவருக்கு ஏன் கேட்பதில்லை?

தற்கொலை விகிதம் இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்று 2009-ஆம் ஆண்டின் தேசியத் தற்கொலைப் பதிவேடு காட்டியது. அரசாங்கமோ, உயிர் பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் தள்ளக்கூடிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவை 2023 வரை வைத்திருந்தது! போலீசுக்குப் பயந்து எத்தனை குடும்பங்கள் வாய் திறக்காமல் இருந்திருக்கும்? இன்று அந்தப் பிரிவு இல்லை. பிழைத்தவர் குற்றவாளி அல்ல, நோயாளி. இதை வீட்டுக்கு வீடு சொல்லுங்கள்.

மனச்சிதைவு, இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு மிக ஆபத்தான காலம் எது தெரியுமா? தஞ்சோங் ரம்புத்தானிலிருந்தோ தம்போயிலிருந்தோ வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்! குணமாகிவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் அதே நேரம். போன வேலையை, முறிந்த திருமணத்தை நினைத்து அவர் உடைந்து போவது அப்போதுதான். மாத்திரை நின்று போவதும் அப்போதுதான்.

இருமுனை நோய்க்கு லித்தியமும், மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குக் குளோசபினும் தற்கொலை ஆபத்தைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இரண்டுக்கும் தொடர்ந்து இரத்தப் பரிசோதனை வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகுமே, பஸ் இல்லையே என்று தவிக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு அது எப்படி எட்டும்?

ஆகவே நாம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை! வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே மருத்துவமனை ஆள் வீடு தேடி வரவேண்டும். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். மகன் "செத்துப் போகிறேன்" என்று சொன்னதை மலாயில் விளக்கத் தெரியாத தாய் யாரிடம் போவாள்?

நம் பக்கமும் குற்றம் உண்டு. கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள். 'பைத்தியம்' என்று ஒளித்து வைக்காதீர்கள். தூக்கமில்லை, விடைபெறுவது போல் பேசுகிறார், 'செத்துப்போ' என்று குரல் கேட்கிறது என்கிறார் என்றால் சும்மா இருக்காதீர்கள். "சாகத் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, மனப்பாரம்தான் குறையும். பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். மனம்விட்டுப் பேச 15555 இருக்கிறது. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இரவு பகலாக இயங்குகிறது.

அடுத்த சாவு வீட்டில் தலையெழுத்தைப் பேசுவதற்கு முன், இன்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கே உயிரோடு இருப்பவரிடம் பேசுங்கள்!