உழைப்பாளிக்கு உயில் எதற்கு?

மாளிகைக்காரன் எழுதுவது உயில். மண்குடிசைக்காரனுக்கு அது எதற்கு என்று கேட்போர் உண்டு. நாம் கேட்கிறோம்: தூத்துக்குடித் துறைமுகத்திலே மூட்டை சுமந்து கட்டிய ஓட்டு வீடு உடைமை ஆகாதா? உப்பளத்திலே கால் வெடிக்க நின்று சேர்த்த காசு காசு ஆகாதா? கடன்பட்டு வாங்கிய வள்ளம் சொத்து ஆகாதா? மாளிகைக்காரனுக்கு ஒன்று போனால் இன்னொன்று உண்டு. நம் தோழனிடம் இருப்பதே ஒன்று! அது வழக்கிலே சிக்கினால் விதவைக்கு மிஞ்சுவது என்ன?

சட்டம் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். இந்தக் கரையிலே அண்டை வீட்டார் இருவர். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். ஒரே கடல், ஒரே காற்று, ஒரே உழைப்பு! தூத்துக்குடி வீட்டைப் பற்றி இங்கேயே இந்து எழுதிய உயிலுக்கு நீதிமன்றத்தின் மெய்ப்புச் சான்றான 'புரொபேட்' தேவையில்லை. கிறிஸ்தவரின் உயிலுக்கோ, மனுப் போட்டு, கட்டணம் கட்டி, அதைப் பெற்றாக வேண்டும். 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு செய்த கூத்து இது. 2002 வரை நீடித்தது! பெருஞ்சொத்துக்காரர் மறைந்தால் விதிக்க 1953-இல் வந்த எஸ்டேட் வரியோ 1985-லேயே ஒழிந்தது. மாடி வீட்டுக்கு விடுதலை தந்து பதினேழு ஆண்டுகள் கழித்தே மீனவன் குடிசை டில்லியின் நினைவுக்கு வந்தது! 2025 டிசம்பரில் அந்த 213-ஆவது பிரிவே நீக்கப்பட்டது.

கதவு திறந்தது, நுழைவோர் எங்கே? எழுதாத உயிலுக்கு எந்தச் சட்டமும் உயிர் தராது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நலம். எழுதுபவர் கையொப்பமோ கைநாட்டோ இடவேண்டும். அதைக் கண்ட சாட்சிகள் இருவர் கையொப்பமிட வேண்டும். கிறிஸ்தவத் தோழர்கள் இரண்டை மறவாதீர்: சாட்சி போடுபவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிவைத்த பங்கு செல்லாது, மணத்துக்கு முன் எழுதிய உயில் மணத்தோடு ரத்தாகும்.

"பாங்கியிலே நாமினி பெயர் கொடுத்தாயிற்றே" என்பார்கள். நாமினி பணத்தை வாங்கும் கை. வாரிசுகளின் உரிமையை அது விழுங்க முடியாது. பாங்கி வைப்புத்தொகை பற்றி 2010-இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. "சீர் செய்தாயிற்று, மகளுக்குப் பங்கில்லை" என்பாரும் உண்டு. உயிலின்றித் தந்தை இறந்தால், அவர் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும், அவர் சம்பாதித்த சொத்தில் மகனுக்குள்ள பங்கே மகளுக்கும்! செய்த சீர் அந்தப் பங்கை அழிக்காது.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. தொழிற்சாலைத் தொழிலாளர்க்கும் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வாசலில் தயங்கி நிற்காதீர். கேட்பது பிச்சையல்ல, உரிமை!

முத்துக்குளித்தவன் மூச்சடக்கி மூழ்கினான். முத்து எவர் கழுத்திலோ மின்னிற்று. 1961-க்குப் பின் இந்தக் கடலிலே முத்துக்குளிப்பும் நின்றது. மூழ்கியவன் ஒருவன், அணிந்தவன் ஒருவன் என்ற அந்தப் பழங்கதை நம் வீட்டுக்கும் வள்ளத்துக்கும் தொடரலாமா? கிளைதோறும் படிப்பகத்திலே ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். உழைத்தவன் பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேரட்டும்!