பந்தும் கம்பஸும்: கனடாவில் உள்ள நம் உறவுகளுக்கு ஒரு பதில்



கனடாவில் குடியேறிய நம் உறவுகள் ஊருக்குப் பேசும்போது ஆசிரியர்களாகிய எங்களிடம் கேட்கும் ஒரு கேள்வி: "மகனுக்குப் பந்து நல்லா வருது. பெரிய அகடமியில சேர்க்கவா, இல்ல கம்பஸுக்குப் படிக்க விடவா?"

எங்கள் பதில் இதுதான். 18 வயது வரை அங்கே இந்த இரண்டில் ஒன்றை விடவேண்டிய தேவையே இல்லை. படிப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் அகடமி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது நம் ஊர்ப் பயம். இங்கே ஏ.எல். மூன்று தடவைதான், இஸட் ஸ்கோர் வராவிட்டால் கதை முடிந்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் மைதானத்துக்குப் போகும் பிள்ளையைக் கெட்டுப்போன பிள்ளையாகப் பார்க்கிறோம். கனடா போன சிலர் அதே பயத்தை அங்கும் கொண்டுபோகிறார்கள். வேறு சிலர் அதற்கு நேர் எதிராக, அல்போன்சோ டேவிஸின் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

டேவிஸின் கதை உண்மையிலேயே பெரிய கதைதான். கானாவின் அகதி முகாமில் பிறந்து, ஐந்து வயதில் கனடாவுக்கு வந்து, 14 வயதில் வன்கூவர் வைட்கெப்ஸ் அகடமியில் சேர்ந்து, 15 வயதில் எம்.எல்.எஸ். போட்டியில் இறங்கியவர். ஆனால் 2018 ஜூலையில் பயர்ன் மியூனிக் அவரை வாங்கிய பிறகும் 2019 ஜனவரியில்தான் அவரால் அங்கே போக முடிந்தது. காரணம் பிஃபாவின் சட்டம். சில விதிவிலக்குகள் தவிர, 18 வயதுக்கு முன் ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாற முடியாது. ஒட்டாவாவின் உள்ளூர்க் கழகங்களில் ஆடிய ஜொனதன் டேவிட்டும் 18 வயதான பிறகுதான் பெல்ஜியத்தின் கெண்ட் கழகத்துக்குப் போனார். அப்படியென்றால், 16 வயதில் பாடசாலையை விட்டுவிட்டு எந்த விமானத்தைப் பிடிக்கப் போகிறோம்?

பல்கலைக்கழகம் போனால் பந்து முடிந்துவிடும் என்பதும் உண்மையில்லை. பிரம்டனில் வளர்ந்த சைல் லாரின் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடியவர். 2015 எம்.எல்.எஸ். ட்ராஃப்டில் முதலாவது ஆளாகத் தெரிவாகி, அந்த முதல் வருடத்திலேயே 17 கோல் அடித்தார். அதே பிரம்டன் மண்ணின் டேஜன் புக்கானன் சிரக்யூஸ் பல்கலைக்கழக அணியிலிருந்து வந்து இன்டர் மிலான் வரை போனார்.

கனடாவுக்குள்ளேயே இன்னொரு பாதை இருக்கிறது. 2019இல் தொடங்கிய கனேடியன் பிரீமியர் லீக், பல்கலைக்கழக அணிகளிலிருந்து வீரர்களைத் தெரிவுசெய்ய ஒரு ட்ராஃப்ட் நடத்துகிறது. தெரிவாகும் மாணவர் அதற்கென உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கோடையில் கழகத்துக்கு ஆடலாம். ஆகஸ்டில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி அதன் அணியிலும் ஆடலாம். அங்கே ஆடும் தகுதி ஐந்து வருடத்துக்கு உண்டு. ட்ரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜோயல் வோட்டர்மன் இந்த ட்ராஃப்டின் வழியாக வந்து, மொன்றியலின் எம்.எல்.எஸ். கழகத்துக்குப் போய், 2022 உலகக் கிண்ணக் குழாமிலும் இடம்பிடித்தார்.

பெண்களைப் பாருங்கள். 2025இல் நோர்தர்ன் சூப்பர் லீக் வரும்வரை கனடாவில் அவர்களுக்கென ஒரு தொழில்முறை லீக்கே இருக்கவில்லை. பல்கலைக்கழகம்தான் பலருக்கும் அகடமி. டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் சமநிலைக் கோலை அடித்த ஜெஸி ஃபிளெமிங் யு.சி.எல்.ஏ.யில் பொறியியல் படித்தவர். வெற்றிப் பெனால்டியை அடித்த ஜூலியா கிரோசோ அப்போது டெக்சாஸ் பல்கலைக்கழக அணி வீராங்கனை. படிப்பு அவர்களின் தங்கத்தைத் தடுக்கவில்லை.

மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 18 முதல் 23 வரையான கால்கள் திரும்பி வராது, பட்டத்தை முப்பதிலும் எடுக்கலாம் என்கிறார்கள். சரிதான். நல்ல ஒப்பந்தம் கையில் வந்தால் பிள்ளை போகட்டும். நம்முடைய திறந்த பல்கலைக்கழகத்தைப் போல அங்கே அதாபஸ்கா பல்கலைக்கழகம் இருக்கிறது, தூரத்திலிருந்தே ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம். ஆனால் முப்பதில் திரும்பி வருவதற்கும் 12ஆம் தரம் முடிந்திருந்தால்தான் வழி இலேசு.

எங்களுக்குக் கோபம் வருவது கழகங்கள் மீதுதான். அகடமியில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தொழில்முறை வீரராக மாட்டார்கள் என்று முதலில் தெரிந்திருப்பது கழகத்துக்கு. ஆனால் அந்த நட்டத்தைச் சுமப்பது பிள்ளையும் உம்மா வாப்பாவும். ஐஸ் ஹொக்கியில் இப்படி இல்லை. வெஸ்டர்ன் ஹொக்கி லீக்கில் ஒரு பிள்ளை ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புக் கட்டணமும் புத்தகச் செலவும் புலமைப்பரிசிலாகக் கிடைக்கிறது. பிள்ளையின் இளமையை எடுத்தவர்கள் படிப்புக்குப் பொறுப்பேற்கிறார்கள். உதைபந்தாட்ட அகடமிகளும் இதையே செய்ய வேண்டும். அமெரிக்காவோடும் மெக்சிக்கோவோடும் சேர்ந்து 2026 உலகக் கிண்ணத்தை நடத்துகிற நாட்டுக்கு இது முடியாத காரியமல்ல.

அதுவரை பெற்றோர்தான் கேட்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, பயிற்சி நேரம் பாடசாலை நேரத்தைத் தின்னுமா? ஒன்டாரியோவில் பல்கலைக்கழகம் போக, அதற்கென வகுத்த 12ஆம் தரப் பாடங்கள் ஆறு வேண்டும். அவற்றில் ஒன்று விடுபட்டாலும் சிக்கல்.

இரண்டு, இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் பல்கலைக்கழக அணியில் ஆடும் தகுதி போகுமா? கனடாவின் விதி வேறு, அமெரிக்காவின் விதி வேறு. இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று, பிள்ளையை இடையில் நிறுத்தினால் படிப்புக்கு என்ன தருவீர்கள்? "அகடமி" என்று பெயர்ப்பலகை போட்டு ஆயிரக்கணக்கில் டொலர் வாங்கும் இடங்களும் உண்டு. இந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே ஆளை அறிந்துகொள்ளலாம்.

கால்களில் உள்ள திறமையும் அல்லாஹ் தந்த அமானிதம்தான், அறிவும் அமானிதம்தான். ஒன்றைக் காப்பாற்ற மற்றதைப் பாழாக்கும் உரிமை நமக்கு இல்லை.

கனடாவில் பந்தோடு ஓடும் பிள்ளை உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதை அந்த உம்மா வாப்பாவுக்கு அனுப்பி வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு இரண்டிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.