மேடையில் சத்தம் குறைந்தால்தான் பாட்டு கேட்கும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் திருவிழா. இரவு லைட் மியூசிக். டிரம்ஸ், பேஸ் கிடார், கீபோர்டு எல்லாம் வெளுத்து வாங்குகின்றன. பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார். கீழே இருப்பவர்களுக்கு அவர் வாய் அசைவது தெரிகிறது, வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. உடனே திட்டு யாருக்கு விழுகிறது? பாவம், மைக் செட்காரருக்குத்தான்!

ஆனால் தப்பு பெரும்பாலும் அவருடையது அல்ல. மேடையில் வாசிப்பவர்களுடையது.

எப்படி என்று பார்ப்போம். டிரம்ஸ் சத்தத்தில் தன் கிடார் கேட்கவில்லை என்று கிடார்காரர் ஆம்பைக் கொஞ்சம் கூட்டுகிறார். கீபோர்டுக்காரரும் கூட்டுகிறார். டிரம்ஸ்காரர் இன்னும் ஓங்கி அடிக்கிறார். பாடகர் தன் குரல் மானிட்டரில் வேண்டும் என்று கேட்கிறார். மானிட்டரைக் கூட்டினால் மைக் கீச்சென்று கூவுகிறது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். எல்லோரும் விலையை ஏற்றினால் யாருக்கும் லாபம் இல்லை, பணவீக்கம் மட்டும்தான் மிச்சம்.

மைக் செட்காரர் கையில் இருக்கும் மிக்ஸருக்கு ஒரு எல்லை உண்டு. அதனால் ஒரு சத்தத்தை ஸ்பீக்கரில் கூட்ட முடியும். மேடையிலிருந்து நேராக வரும் சத்தத்தை அதனால் குறைக்க முடியாது. திறந்த வெளியிலேயே இந்தப் பாடு. குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திய ஊட்டி, குன்னூர் ஹால்களில் கேட்கவே வேண்டாம்.

பெரிய ஆம்ப் வாங்கினால் தீருமா? 100 வாட்டை 200 வாட் ஆக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 மடங்கு வாட் வேண்டும். குறைந்து செல் விளைவு விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது?

பீட்டில்ஸ் குழுவே இதில் மாட்டியது. 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷியா ஸ்டேடியத்தில் 55,000 பேர் முன்னால் 100 வாட் ஆம்புகளோடு வாசித்தார்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை. மறுவருடம் ஆகஸ்ட் 29-ம் தேதி சான்பிரான்சிஸ்கோவோடு கட்டணக் கச்சேரிகளையே நிறுத்திவிட்டார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அவ்வளவு தூரம் போவானேன்? நீலகிரியின் கோத்தர்களைப் பாருங்கள். கொள் என்னும் குழல், கொம்பு, பறைகள். மைக்கும் இல்லை, மானிட்டரும் இல்லை. வாசிப்பவர்கள் நடுவில் நெருங்கி நிற்க, ஆடுபவர்கள் சுற்றி வருகிறார்கள். நெருங்கி நின்றால் ஒருவர் வாசிப்பது மற்றவருக்கு நேராகக் கேட்கும். கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

கல்லூரி பேண்டுகளுக்குச் செலவில்லாத வழிகள் நிறைய உண்டு. சின்ன ஹாலில் டிரம்ஸுக்கு மைக் வேண்டாம். ஆம்பைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குப் போகிறது. நாற்காலியில் வைத்துக் காதுக்குச் சாய்த்தால் பாதி சத்தமே போதும். மானிட்டர் மைக்கின் பின்பக்கம் இருக்கட்டும். சவுண்ட் செக்கைப் பாடகரின் குரலிலிருந்து தொடங்கி, மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கீழே வையுங்கள். தன் வாத்தியம் கேட்கவில்லை என்றால் "என்னுடையதைக் கூட்டுங்கள்" என்பதற்கு முன்னால் "யார் கொஞ்சம் குறைக்கலாம்?" என்று கேளுங்கள்.

"சத்தம் இல்லாமல் ராக் மியூசிக்கா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் காதைப் பற்றி யோசிக்கட்டும். 85 டெசிபெல் சத்தத்தை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். ஒரு ரிகர்சலுக்கே அது போதாது. உட்காதின் நுண்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் அளவு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம், அதுவும் வருடத்தில் 15 நாட்களுக்கு மேல் இல்லை. இந்தத் தடையை 2005-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

சட்டத்தை விடுங்கள். மலையில் ஒரு சரிவில் போடும் சத்தம் எதிர்ச் சரிவு லயன் வீட்டுக்குள் போகிறது. அங்கே காலையில் கொழுந்து பறிக்கப் போக வேண்டிய ஓர் அம்மா தூங்கிக்கொண்டிருக்கலாம். மேடைக்கு முன்னால் இருப்பவருக்குப் பாட்டு புரிய வேண்டும், அந்த அம்மாவின் தூக்கம் கெடக் கூடாது. இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்கத் தெரிந்தவர்கள் சேர்ந்தால்தான் அது பேண்ட். மற்றதெல்லாம் ஒரே மேடையில் நடக்கும் நாலு தனிக் கச்சேரி!