சந்தாவும் சிக்கனமும்

இல்லறம் இனிது நடத்தற்குப் பொருள் இன்றியமையாதது. அதனை ஈட்டுதல் அரிது; ஈட்டியதைக் காத்தல் அதனினும் அரிது. பெருஞ்செலவு வரும்பொழுது வீட்டார் ஒருங்கே அமர்ந்து ஆராய்கின்றனர். சிறு செலவோ ஆராய்ச்சிக்கு உட்படாமலே நழுவிச் செல்கின்றது. இக்காலத்தில் அவ்வாறு நழுவும் செலவுகளுள் ஒன்று சந்தா.

சந்தா புதியதன்று. நம் முன்னோர் திங்களிதழ்களுக்கு ஆண்டுச் சந்தா செலுத்தினர். ஆண்டு முடிந்ததும் மீண்டும் பணவிடை அனுப்பினால் இதழ் வரும், அனுப்பாவிடின் நின்றுவிடும். இன்றோ திரைப்படம், இசை, விளையாட்டு, படங்களைச் சேமித்து வைக்கும் இடம் ஆகிய யாவும் கைப்பேசி வழியே சந்தாவிற்குக் கிடைக்கின்றன. ஒருமுறை இசைவு அளித்துவிட்டால் தொகை தானே சென்றுகொண்டிருக்கும். அன்று நாம் வாளா இருந்தால் சந்தா முடிந்தது. இன்று நாம் வாளா இருந்தால் சந்தா தொடர்கின்றது. இவ்வேறுபாட்டை உணராமையே கேட்டிற்கு வித்து.

ஒரு வீட்டில் திங்கள்தோறும் திரைப்படத்திற்கு 199 ரூபாய், இசைக்கு 119 ரூபாய், விளையாட்டிற்கு 99 ரூபாய், படச் சேமிப்பிற்கு 130 ரூபாய் செல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே நோக்கின் இவை சிறியவை. கூட்டினாலோ திங்களுக்கு 547 ரூபாய். ஆண்டிற்கு 6,564 ரூபாய். இத்தொகையை ஒருங்கே கேட்டால், ஒருமுறைக்கு இருமுறை எண்ணாமல் கொடுப்பார் உளரோ? கைப்பேசிக் கட்டணத்தை 28 நாளுக்கு ஒருமுறை செலுத்துவோரும் ஆண்டிற்கு 12 முறை அன்று, 13 முறை செலுத்துகின்றனர். ஆதலின் எச்சந்தாவையும் ஆண்டுக் கணக்கில் எண்ணிப் பார்த்தலே அறிவுடைமை.

இதன்கண் நமக்குக் காவலும் உண்டு. வங்கி அட்டையிலிருந்து தானே செல்லும் தொகைகளைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, தொகை எடுப்பதற்கு 24 மணி நேரத்திற்கு முன்னரே நமக்கு அறிவித்தல் வேண்டும். நாம் அளித்த இசைவை மீட்டுக்கொள்ளவும் இடமுண்டு. சேர்தலை எளிதாக்கி விலகுதலை அரிதாக்கும் சூழ்ச்சியை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட நெறிமுறைகள் 'சந்தாப் பொறி' என வகைப்படுத்தித் தடுக்கின்றன. எனினும், வேலி இருந்தும் உழவன் உறங்கினால் பயிர் தப்புமோ? படிக்கப்படாத அறிவிப்பு எவரையும் காவாது.

செய்யத் தக்கவை எளியவையே. வீட்டிலுள்ள சந்தாக்களை எல்லாம் ஒரே ஏட்டில் எழுதுக. தொகை, செல்லும் நாள், பயன்படுத்துவோர் பெயர் ஆகியவற்றையும் குறிக்க. கடந்த திங்களில் எவரும் தொடாத சந்தாவை நிறுத்துக. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நின்றுவிடாது. முறைப்படி அதனைத் துண்டித்தல் வேண்டும். முதல் திங்கள் இலவசம் எனின், அது முடியும் நாளை அன்றே குறித்து வைக்க.

"பாட்டும் படமும் வேண்டாவோ?" எனச் சிலர் வினவலாம். வேண்டும். பயன் கருதிச் செலவிடாமை சிக்கனம் அன்று, அது கருமித்தனம். வீட்டார் அனைவரும் கேட்டு மகிழும் இசைக்குக் கொடுக்கும் பணம் வீண் அன்று. எவரும் கேளாத இசைக்குக் கொடுப்பதே வீண்.

மாணவர்களே! பல வீடுகளில் பெற்றோரின் கைப்பேசியில் விரல் வைத்துச் சந்தாவைத் தொடங்குவோர் நீங்களே. அவ்விரல் அசையும் நொடியில் செலவாவது அவர்தம் உழைப்பு. அவர்களைக் கேளாமல் எதனையும் தொடங்காதீர்கள். அவர்கள் அறியாமல் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டறிந்து, நிறுத்த உதவுங்கள். கொடுப்பதா, விடுப்பதா என்பதை ஒவ்வொரு முறையும் நம் அறிவே முடிவு செய்தல் வேண்டும்; நம் மறதி முடிவு செய்தல் ஆகாது.